மேல்வரிசை, கீழ்வரிசை

ஜூன் 12, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்த கையோடு காய்ச்சலும் வந்துவிட்டது. கிளினிக் வராந்தாவில் உட்கார இடமில்லாமல் வாசல்வரை நின்றார்கள். அந்த நெரிசலில் ஒரு பெண் வந்தாள். டாக்டர் அஃப்ரீன், பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகப் பல் சீரமைப்பு கிளினிக் திறந்திருப்பவள். முப்பது வயது இருக்கலாம். தாராபுரத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருக்கும் குழந்தை மருத்துவர்களிடம் சர்வே எடுக்கிறாளாம். பிள்ளைகளின் பல்வரிசைக் கோளாறுகள் பற்றி எங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க.

"பத்தே கேள்விதான் மேடம். பேர் எழுத வேண்டாம்."

ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றாமலே டிக் அடித்தேன். பல்வரிசையைப் பார்க்க ஒரு குழந்தையை எந்த வயதில் அனுப்புவீர்கள்? பதிமூன்று. விரல் சூப்பும் பழக்கம்? தானாக நின்றுவிடும். வாயால் மூச்சுவிடும் குழந்தையின் தாடை வளர்ச்சியைக் கவனிப்பீர்களா? இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, 'சில நேரம்' என்று போட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்தவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் சிவகாமி சிஸ்டர் அடுத்த குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டார்.

மோகன் இன்றும் கூப்பிடவில்லை. பெங்களூரில் வேலை நெருக்கடி. சம்மு அப்பாவைக் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

சம்முவுக்கு மக்காச்சோளம் வேகவைத்துக் கொடுத்தேன். கதிரை வாயின் ஓரத்தில் வைத்துக் கடைவாய்ப் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்காக் கடிச்சுச் சாப்பிடு சம்மு."

"இப்படித்தாம்மா வருது."

"முன்பல்லு எதுக்கு இருக்குது?"

"அது கடிக்காதும்மா" என்றாள், எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல. பிறகு பல்லைக் கடித்துக் காட்டினாள். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. முன்னால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரவில்லை. நடுவே முட்டை வடிவத்தில் ஓர் இடைவெளி. அதில் நாக்கு தெரிந்தது.

டார்ச்சை எடுத்துவந்து பார்த்தேன். உதட்டை மூடச் சொன்னேன். மூடுவதற்கு மோவாயை இறுக்கிச் சிரமப்பட்டாள். எட்டு வயது. இந்த வாய்க்குத்தான் சோறு ஊட்டியிருக்கிறேன். தொண்டை சிவந்திருக்கிறதா என்று எத்தனையோ முறை இதே டார்ச்சை அடித்திருக்கிறேன். தொண்டையைப் பார்க்கிற அவசரத்தில் பல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன் போலிருக்கிறது.

புதுப்பல் முளைக்கிற வயது. எல்லாம் முளைத்து முடிந்தால் சரியாகிவிடும். கட்டாயம் சரியாகிவிடும்.

சீருடை நான்கு செட் இஸ்திரி போட்டாயிற்று.

ஜூன் 16, திங்கள்

அவளுடைய வலது கட்டைவிரலின் கணுவில் காய்ப்பு. மற்ற விரல்களில் ஸ்கெட்ச் பேனாக் கறை இருக்கிறது. அது மட்டும் வெளுத்துச் சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

கைக்குழந்தையாக இருந்தபோது விரல் சூப்பினாள். மூன்று வயதில் தானாக நிறுத்தினாள். இப்போது மறுபடி எப்படி வந்தது என்று புரியவில்லை.

கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவிப் படுக்கவைத்தேன். காலையில் தலையணையெல்லாம் எண்ணெய். விரல் மட்டும் மறுபடி வெளுத்திருந்தது. கசப்போடு சேர்த்தே சூப்பியிருக்கிறாள்.

"எட்டு வயசுப் புள்ள செய்யற வேலையா இது? வெக்கமா இல்லையா?" என்று கத்திவிட்டேன்.

"தூங்கறப்ப அதுவா போயிருதும்மா. நான் போடறதில்ல" என்று அழுதாள்.

விரல் சூப்பும் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்களிடம் "திட்டாதீங்க, மிரட்டாதீங்க, எதையும் தடவாதீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். இன்றும் ஒருத்தியிடம் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

வகுப்பு ஆசிரியை போன் செய்தார். தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் சம்மு எழுந்து நிற்கிறாளாம், வாயைத் திறக்க மறுக்கிறாளாம்.

"பசங்க கிண்டல் பண்றாங்க மேடம். அவளுக்கு 'ச' சொல்ல வரலீங்க. 'த' மாதிரி வருது. பேரையே தம்யுக்தான்னு சொல்றா. அதனால எல்லாரும் தம்மு தம்முன்னு கூப்பிடறாங்க. நான் கண்டிச்சிருக்கேன். வீட்ல நீங்க கவனிக்கலீங்களா?"

கவனித்தேன் என்றேன். செல்லமாகப் பேசுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

"அவங்க அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை பேசட்டுங்களா? ஸ்கூல்ல இருக்கற நம்பர்ல யாரும் எடுக்கறதில்லீங்க."

நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 2, புதன்

டாக்டர்கள் சங்கத்தின் மாதக் கூட்டம். அஃப்ரீன் தன் சர்வேயைப் படித்தாள். எங்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு வயதுக்குமேல்தான் அனுப்புகிறோமாம். "அதுக்குள்ள தாடை எலும்பு பாதிக்குமேல வளர்ந்துடுது. ஏழு வயசுல ஒரு தடவை பார்த்தாலே பல பிரச்சினைகளைச் சுலபமாத் திருப்பிடலாம். அந்த வயசுல பிள்ளைங்க எங்ககிட்ட வர்றதில்ல, உங்ககிட்டதான் வர்றாங்க" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. சபை முழுக்க அவளைவிட மூத்தவர்கள்.

பெரியவர் டாக்டர் குழந்தைசாமி மைக் இல்லாமலே சொன்னார்: "ஏம்மா, காச்சலுக்கு வந்தவன்கிட்டப் பல்லைக் காட்டுன்னா, அவன் நம்மளப் பாத்துப் பல்லைக் காட்டுவான்!" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு அவள் சில படங்களைத் திரையில் போட்டாள். அதில் ஒன்று, கடைவாய் சேர்ந்து முன்வரிசை திறந்து நிற்கும் ஒரு வாய். முகம் இல்லை, வாய் மட்டும். "நீண்டநாள் விரல் சூப்பியதால் வந்தது. கவனிக்காமல் விட்டு வளர்ந்தபின் வந்தால் சிலருக்குத் தாடையில் அறுவை சிகிச்சைதான் வழி" என்றாள்.

அவசர கேஸ் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பினேன். கேஸ் எதுவும் இல்லை.

ஜூலை 5, சனி

தாடை அறுவை சிகிச்சை பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்க வேண்டாம் என்று மூடிவைக்கிறேன். மறுபடி திறக்கிறேன்.

நாளையே அஃப்ரீனிடம் கூட்டிப்போகலாம். இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் இந்தக் காய்ச்சல் சீசனில் எனக்கு நேரம் எங்கே? கோயம்புத்தூரில் யாராவது தெரியாதவரிடம் காட்டினாலும் நல்லதுதான். இந்த ஊரில் எந்த வாசலில் நின்றாலும் முதல் கேள்வி, "சார் வரலீங்களா?"

சம்முவின் கையில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன். காலையில் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஜூலை 9, புதன்

மோட்டார் ரிப்பேர். காயில் எரிந்துவிட்டதாம். மெக்கானிக் நாளை வருகிறார்.

மோகன் பேசினார். நான் மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். அவர் வேறொன்றைச் சொன்னார். தீர்மானமாகத்தான் சொன்னார். நல்லது. சம்முவிடம் இந்த ஞாயிறு வருவதாக அவரே பேசினார்.

தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பநிலையைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

காய்ச்சலோடு ஏழு வயதுப் பையன். தொண்டையைப் பார்த்த பிறகு டார்ச்சை அணைக்காமல், "பல்லைக் கடி கண்ணு" என்றேன். கீழ்வரிசை மேல்வரிசைக்கு முன்னால் வந்து நின்றது. முன்பு இதைப் பார்த்ததே இல்லையா, பார்த்தும் பார்க்கவில்லையா?

"காச்சலுக்குத்தானுங்க கூட்டியாந்தேன்" என்றாள் அவன் அம்மா.

"காச்சல் மூணு நாள்ல போயிரும். இது போகாதுங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட டாக்டர் அஃப்ரீன்னு இருக்காங்க, ஒருக்கா காட்டிருங்க."

"இவங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க இருக்குது."

"அப்படின்னா சீக்கிரம் காட்டுங்க."

அஃப்ரீனிடம் நான் அனுப்பும் முதல் குழந்தை. என் வீட்டுக் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே குளித்து, ஊதா கவுன் போட்டு, சம்மு போர்ட்டிகோ படியில் உட்கார்ந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அங்கேயே தட்டைக் கொடுத்தேன்.

மூன்று மணிக்குமேல், "அப்பாவுக்கு பஸ் கிடைக்கலையாம் கண்ணு" என்றேன்.

"அப்பாகிட்டதான் கார் இருக்குதே."

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை மெதுவாக மேலே வந்தது, கட்டைவிரல் வாய்க்குள் போனது. அவளுக்கு அது தெரியவேயில்லை. முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். கையைத் தட்டிவிட என் கையும் எழுந்தது. இடையில் எங்கோ நின்றுவிட்டது.

ஜூலை 19, சனி

அஃப்ரீனிடம் போனோம்.

நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன் அது எப்படி ஏறி இறங்கும் என்று சம்முவுக்கு இயக்கிக் காட்டினாள். என்னிடம் பேசியதைவிட அவளிடம்தான் அதிகம் பேசினாள். வாயைப் பார்த்தாள், அளந்தாள், படம் எடுத்தாள்.

"விரல் சூப்பறது எப்ப ஆரம்பிச்சது மேடம்?"

"சின்னதுலேர்ந்தே இருக்கு" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி" என்றாள் சம்மு நாற்காலியிலிருந்து. "நடுவுல விட்டுட்டேன். அப்பா பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போனாங்கல்ல, அப்புறம்தான் மறுபடி வந்துச்சு."

அஃப்ரீன் என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். குனிந்து கையுறையைக் கழற்றியபடி, "அந்தச் சமயத்துலதான் முன்பல் முளைச்சிருக்கும். விரல் தடுத்ததால முழுசா இறங்க முடியாம நின்னுடுச்சு" என்றாள்.

"கம்பி மாட்டிடலாமா? இன்னைக்கே மாட்டினாலும் சரி" என்றேன்.

"மாட்டலாம் மேடம். பல்லுக்குப் பின்னாடி சின்னதா ஒரு கம்பி வேலி, விரல் போகாது. ஆனா பிள்ளைக்கு விருப்பமில்லாம மாட்டினா அது தண்டனையாத்தான் இருக்கும். கம்பியோட சண்டை போடும். முதல்ல அவளே நிறுத்தப் பார்க்கட்டும். எட்டு வயசுதானே, பல் இன்னும் இறங்கறதுக்கு நேரம் இருக்கு."

"முழுக்கச் சேர்ந்துருமா?"

"பெரும்பாலும் நல்லா வரும். இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது."

வெளியே வரும்போது அஃப்ரீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வீட்டுல ஏதாவது... நான் கேக்கக்கூடாதுதான் மேடம்."

"அவருக்கு பெங்களூர்ல ப்ராஜெக்ட்" என்றேன்.

தலையாட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு மாதமாக இருமும் மூன்று வயதுக் குழந்தை. விரல் சூப்புகிறதா என்று கேட்டேன். "இல்லீங்க, அக்காக்காரிதான் சூப்பறா. ஆறு வயசாகுது. தானா நின்னுருமுன்னு போன தடவ நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றாள் அம்மா.

அந்த ஆறு வயதுக்காரி கதவோரம் நின்றிருந்தாள். கூப்பிட்டு வாயைப் பார்த்தேன். பிறகு அந்த அம்மாவிடம், இதுவரை நான் யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

சாதாரணக் கேள்விதான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சிவகாமி சிஸ்டர் பிள்ளைகள் இரண்டையும் வெளியே கூட்டிப்போனார். வராந்தாவில் முனகல் கேட்டது, ஏன் இவ்வளவு நேரம் என்று. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சம்மு அமராவதிக்குப் போக வேண்டும் என்றாள். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. கரை முழுக்கக் கூட்டம். பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எனக்கும் ஒன்று நீட்டினாள். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டத்திலிருந்து விலகிப் படித்துறையின் ஓரத்தில் உட்கார்ந்தோம். கட்டுச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். சம்மு சாப்பிடவில்லை.

"அம்மா, நான் பெட்டுல உங்க ரெண்டு பேத்துக்கும் நடுவுலதான் படுப்பேன்னு அடம் புடிச்சேன்ல?"

"ஆமா கண்ணு. எல்லாக் குழந்தையும் அப்படித்தான்."

"அப்பா ஒரு நாள் கத்தினாங்க. இந்த வீட்டுல மனுசன் நிம்மதியாத் தூங்க முடியுதான்னு. அதனாலதான் போயிட்டாங்களா?"

தண்ணீரில் யாரோ விட்ட பூமாலை எங்கள் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். ஒரு குழந்தை இதை ஒரு வருஷத்துக்கும்மேல் தனியாகச் சுமந்துகொண்டு என் பக்கத்திலேயே படுத்திருக்கிறது.

"இல்ல சாமி. அது என்னைப் பாத்துக் கத்தினது. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துவரல. ரெண்டு பேரும் நெறைய சண்டை போட்டோம். நீ தூங்கிட்டேன்னு நெனச்சோம்."

"ப்ராஜெக்ட் முடிஞ்சா வருவாங்களா?"

"ப்ராஜெக்ட் எதுவும் இல்ல கண்ணு. நாந்தான் பொய் சொன்னேன். அப்பா இனிமே நம்ம வீட்டுல இருக்க மாட்டாங்க. உனக்கு அப்பாதான் எப்பவும். பாக்கலாம், பேசலாம், போயி இருந்துட்டு வரலாம். ஆனா இங்க இருக்க மாட்டாங்க."

அவள் சத்தம்போட்டு அழவில்லை. என் மடியில் கவிழ்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் வாய்க்குள் போனது. நான் அதை எடுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எங்களைத் தாண்டிப்போன ஓர் அம்மா, "புள்ளைக்கு மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். "அழுகறாளுங்க. அழட்டுங்க" என்றேன்.

மோகன் போனது போன வருஷம் ஏப்ரல் மாதம். இங்கே அதை எழுதுவது இப்போதுதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சிவகாமி சிஸ்டரிடம் சொன்னேன். "எனக்கு எப்பவோ தெரியுமுங்க மேடம்" என்றார். "நீங்களாச் சொல்லட்டுமுன்னு இருந்தேன்." பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பகலில் விரல் வாய்க்குப் போவதில்லை. தூக்கத்தில் போகிறது. சம்மு கோபமாக இருக்கிறாள். என்மேல்தான். தோசை கருகிவிட்டது என்று தட்டைத் தள்ளினாள், கருகவே இல்லை. "நீங்க பொய் சொல்லுவீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னதே தப்போ? இன்னும் இரண்டு வருஷம் கழித்துச் சொல்லியிருக்கலாமோ? பல்லுக்குக் காலம் உண்டு, ஏழு வயது எட்டு வயது என்று அஃப்ரீன் சொல்கிறாள். இதற்கு எது சரியான வயது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

அஃப்ரீன் அளந்து பார்த்தாள். இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான். நான் அடுத்து என்ன என்று கேட்பதற்குள் சம்மு கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த வேலி மாட்டினா தூங்கறப்ப விரல் போகாதா?"

"போனாலும் நல்லா இருக்காது. அதுவே வெளிய வந்துடும்."

"வலிக்குமா?"

"வலிக்காது. ஆனா ஒரு மாசத்துக்குப் பேச்சு இன்னும் குழறும். சாப்பாடு மாட்டிக்கும். எச்சில் வழியும். பொய் சொல்ல மாட்டேன்."

சம்மு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு விருப்பமா என்று கேட்கிற பார்வையில்லை. தான் சொல்லப்போவதை நான் கேட்க வேண்டும் என்கிற பார்வை.

"எனக்கு மாட்டிவிடுங்க ஆன்ட்டி."

செப்டம்பர் 6, சனி

மாட்டியாயிற்று. மேல் கடைவாய்ப் பற்களில் இரண்டு வளையம், முன்பல்லுக்குப் பின்னால் கம்பி. இரவுச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் மட்டும். பேசுவதில் பாதி புரியவில்லை. "என்ன கண்ணு?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்து, கடைசியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் விரலைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அவள் அழுதிருந்தாள், தலையணை ஈரம். இரண்டும் ஒன்றாக.

செப்டம்பர் 23, செவ்வாய்

மோகனிடம் நானே பேசினேன். சண்டை இல்லை. காலாண்டு விடுமுறைக்கு சம்முவை பெங்களூர் கூட்டிப்போகச் சொன்னேன். "அவ வருவாளா?" என்றார். அவளையே கேளுங்கள் என்று போனைக் கொடுத்தேன்.

போகிறாளாம்.

செப்டம்பர் 27, சனி

மோகன் வந்தார். வாசலோடு நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார். கம்பியைச் சுத்தம் செய்யும் பிரஷ், சாப்பிடக்கூடாதவை, கம்பி கழன்றால் யாரைக் கூப்பிடுவது எல்லாம் சொன்னேன். ஒரு நோயாளியின் அப்பாவிடம் சொல்வதுபோல வந்தது, அதுவே சுலபமாக இருந்தது.

"இதெல்லாம் எப்ப ஆச்சு?" என்றார்.

நிறையச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒன்றரை வருஷமாக வைத்திருந்தேன். சம்மு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ரெண்டு பேருமே பாக்காம இருந்தப்ப ஆச்சு" என்றேன்.

அவர் சம்முவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொன்னார். அவளும் பெருமையாகத் திறந்து காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "புதன்கிழமை ஆயுதபூஜைக்குள்ள கொண்டாந்து விட்டர்றேன்" என்றார்.

கார் முனை திரும்பியதும் கேட்டைச் சாத்தினேன். சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

துணி துவைத்தேன். ஒட்டடை அடித்தேன். அரிசி ஊறவைத்து அரைத்தேன். யாருக்கு இவ்வளவு மாவு? கம்பி கழன்று தொண்டையில் போயிருக்குமோ என்று மதியம் ஒரு முறை தோன்றியது. அப்படி நடப்பது அபூர்வம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளே கூப்பிட்டாள். கப்பன் பார்க், பொம்மை ரயில், அப்பா செய்த உப்புமா கட்டியாக இருந்தது. கம்பியால் குழறிக் குழறி நிறுத்தாமல் பேசினாள். ஒரு வார்த்தையைக்கூட மறுபடி சொல்லச் சொல்லவில்லை. புரியாததும் புரிந்தது.

பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அம்மா, வீட்டுல தனியா இருக்கீங்கள்ல? பயமா இருக்குதா?"

இல்லை கண்ணு, அம்மாவுக்கு என்ன பயம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"கொஞ்சம் இருக்குது" என்றேன்.

"எனக்கும் நேத்து இருந்துச்சு" என்றாள். "இன்னைக்குப் பரவால்ல. உங்களுக்கும் நாளைக்குப் பரவால்லாமப் போயிரும்."

பிறகு அப்பா சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.